கேட்டுவிட்டுச் செய்த கணினி

ஆட்டோகேட் என்ற படம் வரையும் மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்பில் 'ரீஜென்ஆட்டோ' என்றொரு அமைப்பு உண்டு. அதை அணைத்து வைத்துவிட்டால், படத்தைப் பெரிதாக்கும்போது மொத்தப் படத்தையும் மறுபடி கணக்கிட வேண்டி வந்தாலும் மென்பொருள் தன் பாட்டுக்கு ஓடிவிடாது. நின்று கேட்கும்: மறுகணக்கீடு செய்யப் போகிறேன், தொடரட்டுமா? 'ஒய்' என்றால் தொடங்கும். 'என்' என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இன்று படம் வரையும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அவர்களுடைய திரையில் ஒரு முழு பம்பு, மோட்டாரோடும் பேஸ் பிளேட்டோடும் சேர்ந்து, மவுஸ் சக்கரத்தை உருட்டிய மாத்திரத்தில் அருகே வருகிறது, தள்ளிப் போகிறது. 1992இல் அந்தப் பதிப்பு வெளிவந்த சமயத்தில் 386 கணினியில் பெரிய அசெம்பிளி டிராயிங் ஒன்றைத் திறந்து ரீஜென் என்ற அந்த மறுகணக்கீட்டை ஓடவிட்டால், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நேரம் என்னுடையது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கணினி என்னிடம் கேட்டது. படம் வரையும் மென்பொருளோடு வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேகம், வண்ணம், முப்பரிமாணம் எல்லாம் வந்த பிறகும் எனக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் கேள்விதான்.

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றின் டிராயிங் ஆபீசில் நான் சேர்ந்தபோது அங்கே கணினி கிடையாது. சாய்ந்த போர்டுகள், அவற்றின் தலைமாட்டில் முடுக்கிய டிராஃப்டர்கள், ட்ரேசிங் ஃபிலிம், ராட்ரிங் பேனாக்கள். வெளிக்கோட்டுக்கு 0.7, மறைகோட்டுக்கு 0.35, அளவுக்கோட்டுக்கும் ஹேட்ச்சுக்கும் 0.25. தப்பாக விழுந்த கோட்டைப் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழமழப்பாக்காவிட்டால் அடுத்து இடும் மை பரவிவிடும். முடிந்த படம் அம்மோனியா பிரிண்டுக்குப் போகும். அந்த அறையைத் தாண்டிப் போகிறவர் கண்ணில் நீர் வராமல் இருக்காது.

அந்தப் போர்டை எண்ணி ஏங்கி எழுத எனக்கு விருப்பமில்லை. கைக்குத் தெரியாமல் அதில் ஒரு கோடும் விழாது என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. சென்ட்ரிஃபியூகல் பம்பின் கேசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றிச் சுருளாக வளர்ந்துகொண்டே போய் டெலிவரி வாயில் முடியும் கூடு அது. வால்யூட் என்போம். சுருள் தொடங்குமிடத்தில் இருக்கிற முனைக்கு நாக்கு என்று பெயர். நாக்கிலிருந்து சுற்றிவரும்போது இம்பெல்லரிலிருந்து வந்து சேரும் நீர் கூடிக்கொண்டே போகும். ஆகவே கூட்டின் குறுக்குப் பரப்பும் கூட வேண்டும். எளிய கணக்கு என்னவென்றால், சுருள் முடியும் கழுத்தின் பரப்பை எட்டுப் பங்காக்கி, 45 டிகிரியில் ஒரு பங்கு, 90இல் இரண்டு, 135இல் மூன்று என்று கொடுத்துக்கொண்டே வந்து 360இல் முழுப்பரப்பையும் கொடுப்பது. எட்டு வெட்டுத் தோற்றங்களையும் தனித்தனியாக வரைந்து, ஃபிரெஞ்ச் கர்வை நகர்த்தி நகர்த்தி வைத்து ஒரே வளைவாக இணைப்போம். வாடிக்கையாளர் வந்து "டிஸ்சார்ஜ் கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் எட்டையும் முதலிலிருந்து வரைய வேண்டும். கோடு முழுக்க என் கையில் இருந்தது. என் நேரமும் முழுக்கக் கோட்டின் கையில் இருந்தது.

கணினி வந்தது. அதனுள்ளே மேத் கோ-பிராசஸர் என்ற சில்லைத் தனியாகப் பொருத்தியிருந்தார்கள். அது இல்லாமல் ஆட்டோகேட் ஓடாது. கறுப்புத் திரை, வலப்பக்க ஓரத்தில் மெனு, அடியில் சில வரிகள். கடைசி வரியில் 'கமாண்ட்' என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும். வேறு எதுவும் இல்லை. அது காத்திருக்கும்.

அந்த வரியோடு வேலை செய்வது எப்படியிருக்கும் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் மறந்துகொண்டிருக்கிறோம். ஒரு கோட்டுக்கு இணையாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு வேண்டும். 'ஆஃப்செட்' என்று அடிப்பேன். எவ்வளவு தூரம் என்று கேட்கும். 12. எந்தப் பொருளை? கோட்டைத் தொட்டுக் காட்டுவேன். எந்தப் பக்கம்? வலப்பக்கம் ஓரிடத்தில் சொடுக்குவேன். கோடு விழும். உடனே அடுத்து எந்தப் பொருள் என்று கேட்டு நிற்கும். துவரம்பருப்பு என்றால் 'எவ்வளவு, முழுசா, உடைச்சதா' என்று கேட்டுப் பொட்டலம் கட்டுகிற மளிகைக் கடைக்காரர் போல, நான் தொடங்கிய வேலையின் ஒவ்வொரு படியிலும் என் வாயால் சொல்லவைத்துத்தான் முடிக்கும். தூரத்தைத் தருமுன் பக்கம் என்ன என்று யூகிக்காது. முந்தைய தடவை 12 கொடுத்தேன் என்றால், அதைக் கோண அடைப்புக்குறிக்குள் காட்டும். வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் புதிது சொல் என்பதுபோல. யோசனை சொல்லும், முடிவை என்னிடம் விடும்.

இடது கை எப்போதும் விசைப்பலகையில். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் இருக்கும். அதைத் தட்டினால் என்டர் அடித்ததாக எடுத்துக்கொள்ளும், ஒன்றும் அடிக்காமல் தட்டினால் கடைசியாகச் செய்த கட்டளையை மறுபடி எடுக்கும். வலது கை மவுஸில். கண் திரையை விட்டு இறங்காது. எல் என்றால் கோடு, சி என்றால் வட்டம். இந்தச் சுருக்கெழுத்துகள் 'ஏகேட் டாட் பிஜிபி' என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. திறந்து நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆபீசில் ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்து ஆளின் இடத்தில் உட்கார்ந்தால் விரல் தடுமாறும். தன் இடத்தில் உட்கார்ந்தால் யோசிக்காமல் ஓடும். சாய்கோடு வேண்டுமானால் '@50<45' என்று அடித்தால் போதும், இருக்கிற புள்ளியிலிருந்து ஐம்பது மில்லிமீட்டர், நாற்பத்தைந்து டிகிரி. அழித்துவிட்டு மனம் மாறினால் 'ஊப்ஸ்' என்றொரு கட்டளை. கடைசியாக அழித்தது மட்டும் திரும்பி வரும், இடையில் செய்த வேலை கெடாது. பிளேடும் நகமும் தேவையில்லாத உலகத்தில் நாங்கள் முதன்முதலாக மூச்சு விட்டது அங்கேதான்.

இதற்கெல்லாம் மேலே ஆட்டோலிஸ்ப். ஆட்டோகேட்டுக்குள்ளேயே நாமாக நிரல் எழுதிக்கொள்ளும் மொழி அது, 1986இல் வந்தது. எங்கள் ஆபீசில் ஒருவர் வால்யூட்டுக்கு நிரல் எழுதினார். கமாண்ட் வரியில் அதன் பெயரை அடித்தால் கேள்விகள் வரும், ரோமன் எழுத்தில், ஆனால் தமிழில்: கழுத்துப் பரப்பு எவ்வளவு, இம்பெல்லர் விட்டம் எவ்வளவு, நாக்கு எத்தனை டிகிரியில். பதில் சொல்லச் சொல்ல எட்டு வெட்டுத் தோற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழும். பேட்டர்ன் மேஸ்திரி ஒருநாள் மாடியேறி வந்து, நின்றுகொண்டே அதைப் பார்த்தார். "நாலாவது செக்‌ஷனை மட்டும் நீங்க கையால திருத்த முடியுமா தம்பி?" என்று கேட்டார். முடியும் என்றேன். "அப்பச் சரி" என்று இறங்கிப் போனார். மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறவருக்கு வார்ப்பில் எந்த இடத்தில் இரும்பு சரியாக ஓடாது என்பது தெரியும். கணக்கு எதைச் சொன்னாலும் அங்கே ஒரு மில்லிமீட்டர் சேர்க்கச் சொல்வார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம், இயந்திரம் செய்ததை மனிதன் தொட்டுத் திருத்த இடமிருக்கிறதா என்பது மட்டும்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் வேண்டிக்கொண்டது வேறு. இத்தனை கேள்வி கேட்காத கணினி வந்தால் நன்றாயிருக்கும் என்றோம். மதியச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. தானே புரிந்துகொண்டு செய்ய வேண்டும், வளைவின் ஆரத்தைத் தனியாகச் சொல்லிவிட்டு, மூலையை வளைக்கும் ஃபில்லெட் கட்டளையை மறுபடி அடிக்க வைக்கக் கூடாது, நாம் நினைக்குமுன் அது முடித்திருக்க வேண்டும். கேட்டது அனைத்தும் கிடைத்துவிட்டது.

மனிதனும் கணினியும் பழகும் விதத்தை ஆராய்ந்தவர்கள் எங்களுக்கு முன்பே இதை யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 'நேரடிக் கையாளுகை' என்ற கருத்தை முன்வைத்தார். பொருள் கண்முன்னே இருக்க வேண்டும், கட்டளை அடிப்பதற்குப் பதில் அதையே பிடித்து நகர்த்த வேண்டும், செய்ததன் விளைவு உடனே தெரிய வேண்டும், வேண்டாமென்றால் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் பாடப்புத்தகத்தில் எழுதிய எட்டுப் பொன்விதிகளில் ஆறாவது, செய்ததைத் திருப்பும் வசதி. ஏழாவது, கட்டுப்பாடு பயனர் வசம் இருக்கிறது என்ற உணர்வு. பயனர் செயலைத் தொடங்குகிறவராக இருக்க வேண்டுமே தவிர, இயந்திரத்துக்குப் பதில் சொல்கிறவராக அல்ல. இதை வைத்துக்கொண்டு, கேள்வியாகக் கேட்ட கமாண்ட் வரியைத்தான் அவர் குறை சொல்கிறார் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆஃப்செட் என்று தொடங்கியது நான். நான் தொடங்காத எதையும் அது கேட்கவில்லை.

கட்டுப்பாடு நம் வசம் என்ற இந்த உணர்வை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் பேட்ரிக் ஹாகார்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒருவர் தானாக விசையை அழுத்துகிறார், கால் விநாடி கழித்து ஓர் ஒலி வருகிறது. அழுத்தியதும் ஒலித்ததும் எப்போது என்று கேட்டால், இரண்டும் உண்மையில் இருந்ததைவிட நெருக்கமாக நடந்ததாகச் சொல்கிறார். மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டி விரலைத் துள்ளவைத்தால், அதே இடைவெளி விரிந்து தெரிகிறது. 'நான் செய்தேன்' என்ற நினைப்பு நேரத்தையே இழுத்துச் சுருக்குகிறது. 2012இல் டேவிட் காயில் முதலானோர் இந்த அளவுகோலைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். மவுஸ் சுட்டியை இலக்கின் பக்கமாகக் கணினியும் சேர்ந்து இழுத்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இலேசாக உதவும்வரை பயனருக்குத் தானே செய்த உணர்வு குறையவில்லை. உதவி ஓர் அளவைத் தாண்டியதும் குறைந்துவிட்டது. முடிவைப் படித்தபோது எங்கள் ஆபீசில் நடந்ததை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

ஏனென்றால் எங்களுக்கும் உதவி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆட்டோகேட் 2006இல் கேள்விகள் அடிவரியை விட்டுச் சுட்டிக்குப் பக்கத்திலேயே வந்தன. அது எனக்குப் பிடித்தது, கண் இறங்க வேண்டியதில்லை. 2009இல் மேலே ரிப்பன். 2014இல் தப்பாக அடித்த கட்டளையைத் திருத்திக்கொடுக்கும் வசதி. பரிந்துரைக்கும் கட்டளைகளின் வரிசையும் நம் பழக்கத்தைப் பார்த்து மாறும். 2015இல் பழைய முகத்தோற்றத்துக்குப் போகும் தயார் வழி எடுக்கப்பட்டது. 2024இல், ஒரு பிளாக்கை, அதாவது திரும்பத் திரும்பப் பயன்படும் உருவத்தை, முன்பு எங்கெங்கே வைத்தோம் என்று பார்த்து, இங்கே வைக்கலாமே என்று இடமும் காட்டுகிறது.

இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உண்மையாகவே நமக்கு உதவ நினைத்துச் செய்தது. வரிசை மாறுவது ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. விரலுக்குப் பழகிய இடத்தில் பழகிய பொருள் இருக்க வேண்டும். இரண்டாவதாக இருந்த கட்டளை என் நன்மைக்காகவே முதலாவதானாலும், அடுத்த முறை நான் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பார்த்து எடுப்பதும் பார்க்காமல் எடுப்பதும் வேறு வேறு வேலைகள்.

பிடி உண்மையில் கைமாறியது முப்பரிமாணப் பாராமெட்ரிக் மென்பொருளில். 1980களின் இறுதியில் ப்ரோ-இன்ஜினியர் தொடங்கிவைத்த வழி அது. 1995இல் சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. இதில் கோடு வரைவது ஒரு சாக்கு. நாம் தருவது விதிகள்: இந்தக் கோடு அதற்கு இணை, இந்த வட்டம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், இந்தத் துளை ஷாஃப்ட்டை விட இவ்வளவு பெரியது. ஸ்கெட்சில் கோடு நீலமாக இருந்தால் இன்னும் கட்டுப்படவில்லை என்று பொருள். பிடித்து இழுத்தால் வரும். போதுமான விதிகள் கொடுத்ததும் கறுப்பாகிவிடும், இழுத்தாலும் அசையாது. விதிகள் ஒன்றோடொன்று மோதினால் சிவப்பு.

நான் இப்போதும் வாரத்தில் சில நாள் போய்வரும் ஆபீசில் ஓர் இளம் பொறியாளர் இருக்கிறார். பெண். எல்லாக் கோடும் கறுப்பாகும்வரை ஸ்கெட்சை விட்டு வெளியே வர மாட்டார். எனக்கோ நீலக்கோடுதான் உயிருள்ளதாகத் தெரியும், கைக்கு வருகிறதே. ஒருமுறை அவரிடமே சொன்னேன், கறுப்பாகிவிட்டால் அது உன் பேச்சைக் கேட்காதே அம்மா என்று.

"உங்க கோடு நீங்க சொன்னதைக் கேக்கும்ங்க சார்," என்றார். "ஆனா பக்கத்துக் கோட்டை அதுக்குத் தெரியாதுங்களே. ஷாஃப்ட்டை மாத்துனா பேரிங் ஹவுசிங்கை யாருங்க மாத்தறது? நீங்கதான் ஞாபகம் வச்சு மாத்தணும். எனக்கு அந்த ஞாபகத்தை மெஷினுக்குக் குடுத்துட்டா நிம்மதிங்க."

அவர் சொன்னது சரி. இருபது படங்களில் ஓர் அளவு மாறும்போது இருபதையும் நினைவில் வைத்திருப்பதைக் கட்டுப்பாடு என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அது பாரமும்தான். எட்டு வெட்டுத் தோற்றங்களையும் மறுபடி வரைந்த கையோடு நான் இதை மறுக்க முடியாது.

ஆனால் அவருடைய வழியில் வேறொரு பள்ளம் இருக்கிறது. ஒரு கேசிங்கில் இம்பெல்லர் விட்டத்தைக் கணிசமாகக் கூட்ட வேண்டியிருந்தது. எண்ணை மாற்றினார். மாடல் தன்னைத் தானே மறுபடி கட்டிக்கொண்டது. சிவப்பு எதுவும் இல்லை, எச்சரிக்கை எதுவும் இல்லை. வால்யூட்டை வெட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கூப்பிட்டார்: "சார், நாக்கு திரும்பிருச்சுங்க." நாக்கின் வளைவு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது. நாக்குக்கும் இம்பெல்லருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சின்ன விஷயமில்லை. குறைந்தால் இரைச்சலும் அதிர்வும் வரும், கூடினால் திறன் குறையும். திரும்பிய நாக்கோடு வார்ப்பு வந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

மென்பொருள் கொடுத்த விதி எதையும் மீறவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒரு வெளிப்புள்ளியிலிருந்து ஒரு வட்டத்துக்குத் தொடுகோடு வரைய இரண்டு வழி உண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் விதிக்குச் சரி. பெரும்பாலும் மென்பொருள் முன்பிருந்த நிலைக்கு அருகில் இருக்கும் விடையைப் பிடித்துக்கொள்ளும். அளவு ஒரேயடியாகத் தாவும்போது மற்ற விடை பக்கத்தில் வந்துவிடுகிறது, அதைப் பிடித்துக்கொள்கிறது. அங்கேதான் கேட்டிருக்க வேண்டும்: இரண்டு வழி இருக்கிறது, எது? ஆஃப்செட் போடும்போது எந்தப் பக்கம் என்று கேட்ட பழைய வரியின் கேள்விதான் இது. கேட்காமல் ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததையும் சொல்லாமல் விட்டுவிட்டது.

அவர் பதறவில்லை. அண்டூ போட்டார். விட்டத்தைக் கொஞ்சம் மட்டும் கூட்டினார், மாடல் கட்டிக்கொள்ள விட்டார், நாக்கைப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் கூட்டினார். இப்படியே படிப்படியாகப் போய்ச் சேர வேண்டிய விட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நாக்கு இருந்த பக்கமே இருந்தது. இது எந்தக் கையேட்டிலிருந்து என்று கேட்டேன். "யாரும் சொல்லிக் குடுக்கலைங்க சார், பழகப் பழகத் தெரிஞ்சுக்கறதுதான்" என்றார். ராட்ரிங் பேனாவை எந்தச் சாய்வில் பிடித்தால் மை கசியாது என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டதும் அப்படித்தான். எங்கள் பிடி விரல் நுனியில் இருந்தது. அவருடைய பிடி, கணக்கு எங்கே வழுக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. இதைக் கண்ணால் கண்ட பிறகு, இப்போதுள்ளவர்களுக்குக் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லும் என் வயதுக்காரர்களோடு என்னால் சேர முடிவதில்லை.

இவ்வளவையும் புதுசு என்று நினைத்தவனுக்கு வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஐவன் சதர்லண்ட் 1963இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட், கணினியில் படம் வரைந்த முதல் மென்பொருள்களில் ஒன்று. லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 என்ற பிரம்மாண்டமான கணினியில் ஓடியது. ஒரு கையில் ஒளிப்பேனா, மறு கைக்குப் பொத்தான்கள். எங்கள் ஸ்பேஸ் பாரும் மவுஸும் அப்போதே இருந்திருக்கின்றன. பேனாவைச் சட்டென்று திரையிலிருந்து விலக்கினால் வரைந்துகொண்டிருந்த கோடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அதில் விதிகளும் இருந்தன. கோணல்மாணலாக ஓர் அறுகோணம் வரைந்துவிட்டு, மூலைகள் வட்டத்தின் மேல் இருக்க வேண்டும், பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னால், இயந்திரம் திருத்திக் கொடுக்கும். வரைந்த இடத்திலிருந்து தொடங்கி, பிழை குறையும் பக்கமாகப் புள்ளிகளை நகர்த்திக்கொண்டே போய் விடையை அடையும்.

அதாவது, எங்கள் பெண் பொறியாளர் உட்கார்ந்திருப்பது சதர்லண்டின் நாற்காலியில். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் எங்களிடம் வந்து சேர்ந்தபோது, நாங்கள் எதிர்காலம் என்று வரவேற்றது போர்டும் டிராஃப்டரும் கண்ணாடிக்குள் போன உருவத்தை. இரண்டில் பழையது எது, புதியது எது என்று என் வயதுக்காரர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: இயந்திரம் வரைந்த இடத்திலிருந்து தொடங்குவதால், முதல் கோட்டை மனிதன் எங்கே போட்டான் என்பது அன்றும் முக்கியம், இன்றும் முக்கியம். நாக்கை முதலிலேயே சரியான பக்கத்தில், ஏறக்குறையச் சரியான வடிவில் வரைந்தவருக்கு, அது திரும்பும் ஆபத்து குறைவு. கை வரைந்த கிறுக்கலுக்கு விதிகளின் நடுவிலும் ஒரு வாக்கு இருக்கிறது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மென்பொருளே யாருடையது என்ற கேள்வி தனி. அந்தக் காலத்தில் பிரிண்டர் மாட்டும் போர்ட்டில் ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் ஆட்டோகேட் திறக்கும். சாயங்காலம் அதைக் கழற்றி மேனேஜர் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். எரிச்சலான ஏற்பாடு. ஆனால் பூட்டும் எங்களிடம், சாவியும் எங்களிடம். 2016இல் ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. மற்றவர்களும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். பழைய படத்தை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற உறுதி, வருடா வருடம் கட்டும் பணத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஒரு பம்பு முப்பது வருடம் ஓடும். அதற்கு உதிரிப் பாகம் கேட்டு ஆட்கள் வருவார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ட்ரேசிங் ஃபிலிமைச் சுருட்டி அலமாரியில் வைத்த எங்களுக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஆபீசில் இப்போது ஒவ்வொரு மாடலையும் 'ஸ்டெப்' கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும் சேர்த்தே சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். விதிகள் போய்விடும், வடிவமாவது மிஞ்சும்.

படத்துக்கு அளவுகளையும் தானாகவே போட்டுத் தரும் வசதி இப்போது சில மென்பொருள்களில் வந்திருக்கிறது. எங்கள் பொறியாளர் அதை பேஸ் பிளேட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் பயன்படுத்துகிறார். நேரம் மிச்சமாகிறது, நானும் நல்லது என்றே சொல்கிறேன். கேசிங்குக்கு மட்டும் அணைத்து வைத்துவிடுகிறார். வார்ப்பில் எந்த முகத்திலிருந்து அளவு தொடங்க வேண்டும் என்பது, மெஷின் ஷாப்பில் எந்த முகத்தை முதலில் சீவுகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கடைகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாடலில் அந்தத் தகவல் எங்கும் இல்லை. ஆகவே அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், லேத்தில் நிற்கிறவரிடம் எந்தப் பக்கத்தைச் சக்கில் பிடிக்கப் போகிறார் என்று விசாரித்துவிட்டு மேலே வந்து, முதல் அளவைத் தன் கையால் போடுகிறார்.